ஹேண்ட் திரும்பி வரும், நோட்ஸ் வராது: போக்கர் டிராக்கர் பேக்கப் எடுக்கும் முறை

என் பழைய லேப்டாப்பின் எஸ்எஸ்டி ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. ஆன்லைன் போக்கரில் நான் ஆடிய ஒவ்வொரு ஹேண்டும் (சீட்டுப் போட்டு ஆடும் ஒரு சுற்று) பதிவாகியிருக்கும் ஹேண்ட் ஹிஸ்டரி கோப்புகளை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்திருந்ததால் பெரிதாகப் பதறவில்லை. புது டிஸ்க் மாட்டி, அந்த ஹேண்டுகளைப் படித்துக் கணக்குப் போடும் டிராக்கர் மென்பொருளான போக்கர்டிராக்கர் 4 நிறுவி, இரவு முழுக்க இம்போர்ட்டை ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் ஹேண்ட் எல்லாம் வந்திருந்தது, கிராஃப் அதே ஏற்ற இறக்கத்தோடு இருந்தது, சரி, பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் டேபிளில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இடது பக்கத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு ஸ்க்ரீன் நேம் (தளத்தில் ஒருவர் ஆடும் பெயர்), அந்த ஆள் ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு வந்த பிறகு) பெரிதாக பெட் செய்தால் என்ன அர்த்தம் என்று நானே இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த நோட் இல்லை. யாருக்கும் இல்லை. 3 வருஷமாக ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தது.

நோட்ஸ் மொத்தமும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட இருந்திருக்காது. பல ஜிபி டெக்ஸ்ட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு அந்தத் துளியைத் தொலைத்தேன். அதனால் எந்த பட்டனை அழுத்துவது என்பதற்கு முன்னால் எது எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், நான் அதைப் பார்க்காததுதான் எனக்கு வினையானது.

எது எங்கே இருக்கிறது

முதலில் ஹேண்ட் ஹிஸ்டரி. போக்கர் தளத்தின் செயலி நீங்கள் ஆடும் ஒவ்வொரு ஹேண்டையும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக உங்கள் கணினியில் எழுதி வைக்கும். போக்கர்ஸ்டார்ஸ் என்றால் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் தளத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதிலே ஹேண்ட்ஹிஸ்டரி, கடைசியாக உங்கள் ஸ்க்ரீன் நேம். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், தேடினால் சட்டென்று கண்ணில் படாது. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, லோக்கல்ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு அடித்தால் நேராக அங்கே போய் நிற்கும். டோர்னமென்ட் ஆடுபவர்கள் பக்கத்திலேயே இருக்கும் டோர்ன்சம்மரி ஃபோல்டரையும் விடாதீர்கள். எத்தனையாவது இடத்தில் முடித்தீர்கள், எவ்வளவு வந்தது என்பதெல்லாம் அந்த சம்மரி கோப்பில்தான் இருக்கிறது, ஹேண்டை மட்டும் வைத்துக்கொண்டு இம்போர்ட் செய்தால் லாப நஷ்டக் கணக்கு கோணலாக வரும்.

ஜிஜிபோக்கரில் கதை வேறு, அங்கே ஹேண்ட் ஹிஸ்டரி தானாக டிஸ்க்கில் வந்து விழாது, போக்கர்கிராஃப்ட் என்ற பகுதிக்குள் போய் நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும், இறக்காமல் விட்டது உங்கள் கையில் இல்லாததுதான். வேறு சில செயலிகளில் ஹேண்ட் ஹிஸ்டரியை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும், அதில் நாள் கணக்கு சின்னதாக இருந்தால் பழையதை அதுவே அழித்துக்கொண்டு போகும். இன்றைக்கே திறந்து பாருங்கள்.

இரண்டாவது, டேட்டாபேஸ். போக்கர்டிராக்கர் 4, இன்னொரு டிராக்கரான ஹோல்டெம் மேனேஜர் இரண்டுமே ஹேண்டுகளைப் பிரித்து போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வருக்குள் போடுகின்றன. டிராக்கரில் நீங்கள் எழுதும் பிளேயர் நோட்ஸ், ஹேண்ட் மேல் போடும் டேக், இவையும் அங்கேதான் போய் உட்காரும். நான் விட்ட கோட்டை இதுதான். டெக்ஸ்ட் கோப்பை மறுபடி இம்போர்ட் செய்தால் ஹேண்ட் வரும், ஆனால் டெக்ஸ்ட் கோப்புக்கு உங்கள் நோட் பற்றி எதுவுமே தெரியாது.

மூன்றாவது, டிராக்கரின் சொந்த செட்டிங்ஸ் ஃபோல்டர். ஹட் (ஆடும்போது டேபிள் மேலேயே எதிராளிகளின் புள்ளிவிவரத்தைக் காட்டுவது) புரொஃபைல், எந்த ஸ்டாட் எந்த இடத்தில் என்ன நிறத்தில் என்பது, நீங்களே எழுதிய ரிப்போர்ட்டுகள், இப்படி. போக்கர்டிராக்கருக்கு இது அதே ஆப்டேட்டா, லோக்கல் வழியில் போக்கர்டிராக்கர் 4 என்ற பெயரிலேயே இருக்கும். மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். இதில் எதுவும் டேட்டாபேஸ் பேக்கப்பில் வராது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, இதைப் பெரும்பாலும் எல்லோருமே மறக்கிறார்கள்: போக்கர் தளத்தின் செயலியிலேயே நீங்கள் எழுதிய நோட்ஸ், பிளேயருக்குப் போட்ட நிற அடையாளம். போக்கர்ஸ்டார்ஸில் இது நோட்ஸ் என்ற சொல்லில் தொடங்கி உங்கள் ஸ்க்ரீன் நேமோடு முடியும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, ஹேண்ட்ஹிஸ்டரி ஃபோல்டருக்கு ஒரு படி மேலே இருக்கும். நோட்பேடில் திறந்தால் உங்கள் கையெழுத்து மாதிரி, நீங்கள் எழுதிய வரிகள் அப்படியே தெரியும்.

டேட்டாபேஸை பேக்கப் எடுப்பது

உங்கள் டிராக்கரின் டேட்டாபேஸ் மெனுவிலேயே பேக்கப் வசதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அதற்கு அடியில் நடப்பது என்ன என்று தெரிந்திருந்தால் நாளைக்கு டிராக்கரே திறக்காத நிலையிலும் தப்பிக்கலாம், அதனால் நான் பிஜிஅட்மின் வழியைச் சொல்கிறேன். பிஜிஅட்மின் 4 என்பது போஸ்ட்கிரெஸுக்கான இலவச நிர்வாகக் கருவி. விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் நிறுவும்போது பல சமயம் கூடவே வந்திருக்கும், இல்லையென்றால் தனியாக இறக்கிக்கொள்ளலாம்.

திறந்து உங்கள் சர்வரை இணைக்க வேண்டும். ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5432, பயனர் பெயர் போஸ்ட்கிரெஸ். பாஸ்வேர்ட் கேட்கும்போதுதான் பலருக்கும் கை நின்றுவிடும், நாம் எப்போது பாஸ்வேர்ட் வைத்தோம் என்று. நீங்கள் வைத்திருக்க மாட்டீர்கள், டிராக்கர் நிறுவும்போது அதுவே வைத்திருக்கும். போக்கர்டிராக்கர் நிறுவிய போஸ்ட்கிரெஸ் என்றால் பெரும்பாலும் டிபிபாஸ், ஹோல்டெம் மேனேஜர் என்றால் போஸ்ட்கிரெஸ்பாஸ், இரண்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். இரண்டு டிராக்கரையும் ஒரே கணினியில் போட்டவர்கள் இரண்டையும் முயன்று பாருங்கள், முதலில் நிறுவியதுதான் பாஸ்வேர்டைத் தீர்மானித்திருக்கும்.

உள்ளே போனதும் டேட்டாபேஸஸ் என்பதை விரித்தால் உங்களுடையது தெரியும். போக்கர்டிராக்கரில் நீங்கள் பெயர் மாற்றவில்லை என்றால் பிடி4 டிபி என்று நடுவில் இடைவெளியோடு இருக்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து பேக்கப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புப் பெயரில் தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள், அப்போதுதான் ஃபோல்டரில் அதுவே காலவரிசைப்படி அடுக்கிக்கொள்ளும். ஃபார்மேட் என்ற இடத்தில் கஸ்டம். இதை மாற்ற வேண்டாம். பிளெயின் என்பது திறந்து படிக்கக்கூடிய எஸ்க்யூஎல் டெக்ஸ்ட், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பெரிதாக வரும், பிஜிஅட்மினின் ரீஸ்டோர் பட்டன் அதை எடுத்துக்கொள்ளாது. கஸ்டம் தானாகவே சுருக்கிவிடும், திரும்பப் போடும்போது தேவையானதை மட்டும் எடுக்கவும் விடும்.

பேக்கப்பை அழுத்தியதும் கீழே ஒரு சின்ன அறிவிப்பு வரும். முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். பிராசஸஸ் என்ற இடத்துக்குப் போய் விவரத்தைத் திறந்தால் டேட்டாபேஸின் ஒவ்வொரு டேபிளாக (போக்கர் டேபிள் அல்ல, தரவு அட்டவணை) எழுதிக்கொண்டு போவது வரிவரியாக ஓடும், கடைசியில் வெற்றி என்று வந்தால்தான் எடுத்தது. நான் முதல் தடவை எடுத்தபோது பார்க்காமல் விட்டுவிட்டேன், கோப்பு 0 கேபி. பைனரி பாத் சரியில்லை, அதனால் அது தொடங்கவே இல்லை. யுடிலிட்டி கிடைக்கவில்லை என்று ஒரு பிழை வந்தால் அதுதான் விஷயம்: பிரிஃபரன்ஸஸ், பாத்ஸ், பைனரி பாத்ஸ் என்று போய், போஸ்ட்கிரெஸ் நிறுவிய இடத்தில் இருக்கும் பின் ஃபோல்டரைக் காட்டிக் கொடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள், வெர்ஷன் எண் போட்ட ஃபோல்டர், அதற்குள் பின்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். பேக்கப் தொடங்கிய நொடியில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துக்கொள்ளும், அதன் பிறகு வந்து சேரும் ஹேண்டுகள் அந்தக் கோப்பில் இருக்காது, அவ்வளவுதான். ஆனாலும் டிஸ்க் மூச்சுத் திணறும், ஹட் தாமதமாகும், 6 டேபிளை வைத்துக்கொண்டு இந்த வேலை எதற்கு.

அப்புறம், பேக்கப் கோப்பை வைக்கும் இடம். அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் வைத்தால் டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்து போகும். வெளி டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று போதும். பழைய பென் டிரைவ் என்றால் அது எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, காப்பி பாதியில் நின்றுவிடும். கிளவுடில் ஏற்றுவதற்கு முன் பாஸ்வேர்ட் போட்டு ஜிப் செய்துவிடுங்கள். உங்கள் ஹோல் கார்டுகள் (உங்களுக்கு மட்டும் தெரியும் சீட்டுகள்), எந்த இடத்தில் எதை வைத்துக்கொண்டு பிளஃப் அடிப்பீர்கள் என்பது எல்லாம் அதில் இருக்கிறது, அது உங்களோடு வழக்கமாக ஆடும் இன்னொரு ரெகுலரின் கைக்குப் போனால் உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாததை எல்லாம் அவர் ஒரே சாயங்காலத்தில் ஃபில்டர் போட்டுத் தெரிந்துகொள்வார்.

மற்ற மூன்றும் வெறும் காப்பிதான். டிராக்கரை முழுதாக மூடிவிட்டு அதன் செட்டிங்ஸ் ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள், மூடாமல் செய்தால் கடைசியாக மாற்றியது எழுதப்படாமல் இருக்கலாம். ஹட் புரொஃபைலை மட்டும் செயலிக்குள்ளிருந்து தனியாக எக்ஸ்போர்ட் செய்தும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு புரொஃபைலை மட்டும் திரும்பக் கொண்டுவர அதுதான் சுலபம். தளத்தின் நோட்ஸ் கோப்பை எடுத்துப் போடுங்கள். ஹேண்ட் ஹிஸ்டரியை ஜிப் செய்யுங்கள். ஒரு ஹேண்டின் டெக்ஸ்ட் ஏறக்குறைய 1 முதல் 2 கேபி வரும், ஒரு லட்சம் ஹேண்ட் என்றால் 100 முதல் 200 எம்பி, ஒரே மாதிரி வரிகளே திரும்பத் திரும்ப வருவதால் ஜிப் செய்தால் நன்றாகச் சுருங்கிவிடும்.

தானாக எடுக்க வைப்பது

கையால் எடுக்கும் பேக்கப் 2 வாரம் நடக்கும். மூன்றாவது வாரம் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், அந்த நாளைதான் டிஸ்க் போகும் நாள்.

பிஜிஅட்மினில் சற்று முன் பார்த்த பிராசஸ் விவரத்தின் மேல் பகுதியில், அது ஓட்டிய கட்டளை முழுசாக ஒரே நீண்ட வரியில் எழுதப்பட்டிருக்கும். பிஜி_டம்ப் என்ற கருவியைத்தான் அது உள்ளே அழைக்கிறது. அந்த வரியை அப்படியே காப்பி செய்து நோட்பேடில் ஒட்டி, பேட்ச் கோப்பாக (கட்டளைகளைத் தானாக ஓட்டும் கோப்பு) சேமித்து, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் வாரம் ஒரு தடவை ஓடும்படி வைத்துவிட்டால் முடிந்தது. அதில் இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். ஒன்று, டேட்டாபேஸ் பெயரில் இடைவெளி இருப்பதால் அது இரட்டை மேற்கோளுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கருவி இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் பாதைக்கும் அதேதான். இரண்டு, கருவிக்கு பாஸ்வேர்ட் தேவை, நடு ராத்திரியில் யார் அடிப்பது. அதற்கு ஆப்டேட்டா, ரோமிங் வழியில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் பிஜிபாஸ் என்ற பெயரில், கான்ஃப் என்ற எக்ஸ்டென்ஷனோடு ஒரு கோப்பு வைத்து, ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், பயனர், பாஸ்வேர்ட் ஐந்தையும் இதே வரிசையில் முக்காற்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் எழுத வேண்டும். நோட்பேட் அதன் வாலில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும், அதைக் கவனித்து எடுத்துவிடுங்கள், எனக்கு இதற்கே அரை நாள் போனது.

கோப்புப் பெயர் ஒன்றாகவே இருந்தால் ஒவ்வொரு வாரமும் முந்தையதை அழித்து எழுதும். டேட்டாபேஸ் கெட்டுப்போனது தெரியாமல் ஒரு வாரம் கழிந்தால், நல்ல பேக்கப்பின் மேல் கெட்டது ஏறிவிடும். குறைந்தது 3 பழைய பிரதிகளாவது கிடக்கட்டும்.

சிலர் இதெல்லாம் எதற்கு என்று போஸ்ட்கிரெஸின் டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி ஒன்றில் சிங்க் போட்டு விடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஃபோல்டரில் ஒரு பகுதி எழுதப்பட்டும் இன்னொரு பகுதி நினைவகத்திலும் இருக்கும், சிங்க் எடுக்கும் பிரதி ஒன்றோடொன்று பொருந்தாத துண்டுகளாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, சிங்க் ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சர்வர் எழுத வந்தால் உயிரோடு இருந்த டேட்டாபேஸுக்கும் ஆபத்து. பேக்கப் எடுத்த கோப்பை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள்.

திரும்பக் கொண்டுவருவது

புதுக் கணினியில் டிராக்கரை நிறுவினால் போஸ்ட்கிரெஸும் வந்துவிடும், டிராக்கர் தனக்கென்று ஒரு காலி டேட்டாபேஸும் உருவாக்கிக்கொள்ளும். அந்தக் காலி டேட்டாபேஸுக்குள் ரீஸ்டோர் செய்யாதீர்கள். பெயருக்குத்தான் காலி, ஹேண்ட் இல்லையே தவிர டேபிள்கள் எல்லாம் உள்ளே இருக்கும். ஏற்கனவே இருக்கிறது, ஏற்கனவே இருக்கிறது என்று நூற்றுக்கணக்கில் பிழை கொட்டும், பாதி வந்து பாதி வராமல் நிற்கும்.

டிராக்கரை மூடிவிட்டு, பிஜிஅட்மினில் டேட்டாபேஸஸ் மேல் ரைட் கிளிக் செய்து, கிரியேட் கொடுத்து வேறு பெயரில் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பெயரில் இந்தத் தடவை இடைவெளி வேண்டாம். ஓனர் போஸ்ட்கிரெஸ். டெஃபினிஷன் என்ற பக்கத்தில் டெம்ப்ளேட் என்பதில் டெம்ப்ளேட்0 என்று வையுங்கள், அங்கேயே என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று ஒன்று இருக்கும், அது பழைய டேட்டாபேஸில் என்ன இருந்ததோ அதுவே இருக்க வேண்டும். இதைச் சும்மா சொல்லவில்லை. பழையது எஸ்க்யூஎல்_ஆஸ்கி, புதியது யுடிஎஃப்8 என்றால், வேற்று மொழி எழுத்துள்ள ஒரே ஒரு ஸ்க்ரீன் நேம் போதும், பைட் வரிசை செல்லாது என்று சொல்லி அந்த டேபிளையே ஏற்றாமல் விட்டுவிடும். பழைய கணினி இருக்கும்போதே என்கோடிங்கைப் பார்த்து பேக்கப் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டால் கவலையே இல்லை.

பிறகு அந்தப் புது டேட்டாபேஸ் மேல் ரைட் கிளிக், ரீஸ்டோர், ஃபார்மேட்டில் கஸ்டம், உங்கள் கோப்பைக் காட்டுங்கள். பழைய கணினியில் ஓனர் பெயர் வேறாக இருந்திருந்தால் ஓனரைச் சேமிக்க வேண்டாம் என்ற ஆப்ஷனையும் போட்டுக்கொள்ளுங்கள். ஓடவிட்டு வேறு வேலை பாருங்கள், ஹேண்டை ஏற்றுவதைவிட அதன் இண்டெக்ஸ்களை (தேடலை வேகமாக்கும் பட்டியல்களை) மறுபடி கட்டுவதுதான் நேரம் பிடிக்கும், அசையாமல் நிற்பதுபோல இருக்கும், நிறுத்திவிடாதீர்கள்.

முடியும்போது தோல்வி என்று சிவப்பில் வந்தாலும் உடனே மனம் உடைய வேண்டியதில்லை, விவரத்தைத் திறந்து என்ன பிழை என்று படியுங்கள். மிகப் பழைய போஸ்ட்கிரெஸிலிருந்து வந்தவர்களுக்கு பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் என்ற மொழி ஏற்கனவே இருக்கிறது என்றோ, பப்ளிக் ஸ்கீமா ஏற்கனவே இருக்கிறது என்றோ ஒரு பிழை வரும். அது ஒன்றும் செய்யாது. டேபிள் பெயரோடு, டேட்டாவை ஏற்ற முடியவில்லை என்று வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று வெர்ஷன் பிரச்சினை. புது வெர்ஷன் கருவி எடுத்த பேக்கப்பைப் பழைய வெர்ஷன் கருவி படிக்காது, கோப்பின் தலைப்பில் உள்ள வெர்ஷன் ஆதரிக்கப்படவில்லை என்று சொல்லி நின்றுவிடும். பழையதிலிருந்து புதியதற்குப் போவது பிரச்சினை இல்லாமல் நடக்கும். அதேபோல பேக்கப் எடுக்கும்போதும் கருவி சர்வரைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, வெர்ஷன் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். பைனரி பாத்தை இருப்பதிலேயே புதிய வெர்ஷனின் பின் ஃபோல்டருக்குக் காட்டினால் இரண்டும் தீரும்.

ஏற்றிய பிறகு அனலைஸ் ஒரு தடவை ஓட்டுங்கள், பிஜிஅட்மினின் மெயின்டனன்ஸில் இருக்கிறது, போக்கர்டிராக்கரின் ஹவுஸ்கீப்பிங்கிலும் இருக்கிறது. டேபிளில் எத்தனை வரி இருக்கிறது, எப்படிப் பரவியிருக்கிறது என்ற கணக்கை போஸ்ட்கிரெஸ் தனியாக வைத்திருக்கும், பல வெர்ஷன்களில் அது பேக்கப்போடு வருவதில்லை. அந்தக் கணக்கு இல்லாதவரை ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஆமை வேகத்தில் வரும், ஆட்கள் கணினியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் டிராக்கரைத் திறந்து, டேட்டாபேஸ் மேனேஜ்மென்ட்டில் ஏற்கனவே உள்ள டேட்டாபேஸைச் சேர்க்கும் வழியாக இதைச் சேர்த்து, இயல்பானதாக வையுங்கள். டிராக்கர் புதிய வெர்ஷன் என்றால் முதல் தடவை திறக்கும்போது டேட்டாபேஸை மாற்றியமைக்க அனுமதி கேட்கும், கொடுங்கள், பேக்கப் கோப்புதான் பத்திரமாக இருக்கிறதே.

பேக்கப்பே எடுக்கவில்லை, டிஸ்க் மட்டும் இருக்கிறது

கணினி பூட் ஆகவில்லை, ஆனால் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் படிக்க முடிகிறது என்றால் இன்னும் கதை முடியவில்லை. போஸ்ட்கிரெஸின் டேட்டா ஃபோல்டரைத் தேடுங்கள், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வெர்ஷன் எண் ஃபோல்டரின் கீழே இருக்கும், நிறுவும்போது வேறு இடம் கொடுத்திருந்தால் அங்கே. அதனுள் பிஜி_வெர்ஷன் என்று எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு சின்னக் கோப்பு இருக்கும், நோட்பேடில் திறந்தால் ஒரே ஒரு எண், 9.3 என்றோ 13 என்றோ. புதுக் கணினியில் அதே வெர்ஷன் போஸ்ட்கிரெஸைத்தான் நிறுவ வேண்டும். 10ல் தொடங்கி அதற்குப் பிறகு வந்த வெர்ஷன்களில் முதல் எண் ஒன்றானால் போதும், புள்ளிக்குப் பின்னால் எது இருந்தாலும் பரவாயில்லை. 9 வரிசையில் புள்ளிக்குப் பின்னால் உள்ள முதல் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

நிறுவிய பின் விண்டோஸ் சர்வீசஸில் போஸ்ட்கிரெஸை நிறுத்துங்கள். புதிதாக வந்த டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழையதைக் காப்பி செய்து அந்த இடத்தில் வையுங்கள். காப்பிதான், நகர்த்தக் கூடாது. இப்போது சர்வீசைத் தொடங்கினால் பெரும்பாலும் தொடங்காது, காரணம் அனுமதி: விண்டோஸில் 9.2 முதல் நெட்வொர்க் சர்வீஸ் என்ற கணக்கில்தான் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது, வேறு டிஸ்க்கிலிருந்து வந்த ஃபோல்டரில் அந்தக் கணக்குக்கு உரிமை இருக்காது. ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் அதற்கு முழு உரிமை கொடுத்து மறுபடி தொடங்குங்கள். தொடங்கிவிட்டால் முதல் வேலையாக மேலே சொன்னபடி முறையான பேக்கப் ஒன்று எடுத்துவிடுங்கள், அதற்கு முன் ஒரு ஹேண்டுகூட ஆட வேண்டாம்.

பழைய பாஸ்வேர்ட் மறந்துபோய் உள்ளே போக முடியவில்லை என்றால், அதே டேட்டா ஃபோல்டரில் பிஜி_ஹெச்பிஏ என்ற கான்ஃப் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட் வரிகளின் கடைசிச் சொல்லை டிரஸ்ட் என்று மாற்றி, சர்வீசை மறுதொடக்கம் செய்தால் பாஸ்வேர்ட் இல்லாமல் விடும். உள்ளே போய்ப் புதுப் பாஸ்வேர்ட் வைத்ததும் அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

டேட்டா ஃபோல்டரும் போய்விட்டது, ஹேண்ட் ஹிஸ்டரி மட்டும் மிச்சம் என்றால் நான் செய்ததைத்தான் நீங்களும் செய்ய வேண்டும்: புது டேட்டாபேஸில் மொத்தமாக இம்போர்ட். ஒரே ஹேண்ட் இரண்டு கோப்பில் இருந்தாலும் பயமில்லை, டூப்ளிகேட் என்று டிராக்கர் ஒதுக்கிவிடும், அதனால் கிடைத்த பழைய ஜிப் எல்லாவற்றையும் கொட்டலாம். சம்மரி கோப்புகளையும் சேர்த்து.

சரியாக வந்ததா

இதற்கு, பழைய கணினி நன்றாக இருக்கும்போதே நாலு விஷயத்தைக் குறித்து வைக்க வேண்டும், பேக்கப் ஃபோல்டரிலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பில். மொத்த ஹேண்ட் எண்ணிக்கை, மொத்த வெற்றி விகிதம், முதல் ஹேண்டின் எண், நோட் எழுதிய ஒரு பிளேயரின் பெயர். ரீஸ்டோர் ஆனதும் அந்த நாலையும் ஒப்பிடுங்கள். ஹேண்ட் எண்ணிக்கை குறைந்தால் ஏதோ ஒரு டேபிள் முழுதாக ஏறவில்லை. எண்ணிக்கை சரி, ஆனால் நாள்வாரிக் கணக்கு மட்டும் முன்னே பின்னே இருக்கிறது என்றால் புதுக் கணினியின் டைம் ஜோனைப் பாருங்கள், நள்ளிரவைத் தாண்டி ஆடிய செஷன்கள் அடுத்த நாளுக்கு நகர்ந்திருக்கும்.

இதற்காக டிஸ்க் சாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போது இருக்கும் கணினியிலேயே வேறு பெயரில் ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, எடுத்த பேக்கப்பை அதில் ஏற்றிப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம். நான் வருஷத்துக்கு 2 தடவை செய்கிறேன், போன தடவை செய்தபோதுதான் என் பேட்ச் கோப்பு 5 வாரமாகப் பெயர் மாறிய ஒரு பழைய டேட்டாபேஸையே எடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது.

கடைசியாக செட்டிங்ஸ். பழைய ஃபோல்டரை மொத்தமாக மேலே போட்டு மூடினால் ஹட் எல்லாம் வந்துவிடும், கூடவே பழைய கணினியின் ஃபோல்டர் பாதைகளும் வந்துவிடும். புதுக் கணினியில் உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் வேறாக இருந்தால், டிராக்கர் ஹேண்டை இல்லாத ஒரு ஃபோல்டரில் தேடிக்கொண்டிருக்கும், பிழை எதுவும் காட்டாது, சும்மா இருக்கும். அதனால் ஆட உட்காருவதற்கு முன் ஆட்டோ இம்போர்ட் எந்த ஃபோல்டரைப் பார்க்கிறது என்று திருத்திவிட்டு, தளத்தின் செயலியில் ஹேண்ட் ஹிஸ்டரி சேமிப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே சின்ன ஸ்டேக்கில் ஒரே ஒரு டேபிள் திறந்து, ஹேண்ட் எண்ணிக்கை ஒன்று கூடுகிறதா என்று பாருங்கள்.